விடுதலையான மறுநாள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

மத்தியச் சிறை ஒன்றின் எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் பழைய பட்டன் போன் ஒன்று எப்போதும் சார்ஜ் ஏறியபடியே இருக்கும். ஜாமீன் உத்தரவு வந்து சேர்ந்தவர்களைப் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் வெளியே விடுவார்கள். கையில் ஒரு துணிப்பையோடு வந்து நிற்பவரிடம், "யாருக்குப்பா போடணும், நம்பர் சொல்லு" என்பார் அக்கா. பலருக்கு நம்பர் நினைவிருக்காது. அம்மா, மனைவி, மேஸ்திரி என்று எல்லா எண்களும் அவருடைய செல்போனுக்குள் இருந்தன. அந்தச் செல்போன் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் கிடக்கிறது.

சிறையிலிருந்து வந்தவர்கள் ஊரோடு மீண்டும் சேர்வது பற்றி எங்கே பேசினாலும் சில கேள்விகள் தவறாமல் வரும். டீக்கடையில், வீட்டு உரிமையாளர்களிடம், பட்டறை முதலாளிகளிடம், திருட்டுக் கொடுத்தவர்களிடம் கேட்டவற்றைக் கூடியவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தருகிறேன். சிலவற்றில் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கும் காரணம் உண்டு.

ஒழுங்காக வாழும் ஏழைக்கே உதவி போய்ச் சேரவில்லை. தப்பு செய்தவனுக்கு எதற்கு உதவி?

முதலில் ஓர் எளிய உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். சிறைக்குப் போகிறவர்களில் அநேகமாக எல்லாருமே ஒருநாள் வெளியே வருகிறார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோரும் ஒரு கட்டத்தில் வருகிறார்கள். நம் தெருவுக்கு, நாம் ஏறும் பஸ்ஸுக்கு, நாம் வேலை செய்யும் கட்டடத்துக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் வர வேண்டுமா என்று கேட்க நமக்கு வாய்ப்பில்லை. எப்படிப்பட்ட நிலையில் வருகிறார்கள் என்பது மட்டுமே ஓரளவு நம் கையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வழியில்லாமல் வருபவரை முதலில் தேடி வருவது பழைய கூட்டாளிதான். அந்தக் கூட்டாளி கையில் பணத்தோடும் பைக்கோடும் வருகிறான். ஆகவே இங்கே உதவி என்பது, அடுத்துப் பாதிக்கப்படக்கூடிய ஒருவரைக் காப்பாற்றும் ஏற்பாடு. அந்த ஒருவர் நானாகவோ நீங்களாகவோ இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதவி கிடைக்காத ஏழையையும் சிறையிலிருந்து வருபவரையும் இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பேசுகிறோம். கைதிகளைப் பார்க்க வருவோருக்கான சிறை மனு அறைக்கு வெளியே வரிசையில் நிற்கும் பெண்களை ஒருநாள் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். சித்தாள், வீட்டுவேலை செய்பவர், பூ விற்பவர் என்று நிற்கும் அவர்கள் அதே ஏழைகள்தாம்.

தப்பு செய்யாமலா பிடித்து உள்ளே வைத்தார்கள்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. அவர்களில் குற்றம் செய்தவர்களும் இருப்பார்கள், செய்யாதவர்களும் இருப்பார்கள். யார் எவர் என்று நீதிமன்றம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், சொத்து வரி ரசீது வேண்டும் என்றால் வாடகைக் குடிசையில் இருப்பவர் எங்கே போவார்? இப்படி நின்றுபோனவர்களுக்காக 2023இல் மத்திய உள்துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட இயலாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் அரசே செலுத்தலாம். அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஓர் உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதன்முறை வழக்கில் சிக்கியவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகவே இருந்துவிட்டால், அவரை ஜாமீனில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. இந்த விதிகளைத் தெரிந்து கேட்பதற்கு வெளியே ஓர் ஆள் இருந்தால்தான் இவை உயிர்பெறுகின்றன.

மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டுப் பிறகு விடுதலையாகும் ஆட்டோ ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். கட்டாத தவணைக்காக ஆட்டோவை நிதி நிறுவனம் எடுத்துக்கொண்டு போயிருக்கும். தீர்ப்பு அவரைக் குற்றமற்றவர் என்று சொன்னாலும் ஆட்டோ திரும்பி வராது.

ஒருமுறை திருடியவன் திருடிக்கொண்டேதான் இருப்பான். புத்தி மாறுமா?

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் இங்கே சட்டமாகவே இருந்தது. 1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறப்பாலேயே சிலர் குற்றவாளிகள் என்றது அது. பின்னாளில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். அதை எதிர்த்து நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்ட அந்தக் குடும்பங்களிலிருந்து ஆசிரியர்களும் அதிகாரிகளும் ராணுவ வீரர்களும் வந்தார்கள். மாறாது என்று சட்டம் போட்டுச் சொன்னது பொய்யானதை நம் கண்முன்னே பார்த்திருக்கிறோம்.

தனி மனிதர்களைப் பற்றியும் நீண்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவர்களைப் பற்றிக் குளூக் தம்பதி விவரம் திரட்டினார்கள். அந்தக் கோப்புகள் பல ஆண்டுகள் ஹார்வர்டில் முடங்கிக் கிடந்தன. ஜான் லாப், ராபர்ட் சாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்தச் சிறுவர்கள் 70 வயதை எட்டிய பிறகும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். சிலர் முன்னதாக, சிலர் மிகத் தாமதமாக என்று அவர்களில் மிகப் பெரும்பாலோர் குற்றத்தை விட்டிருந்தார்கள். சிறுவயதில் எப்படி இருந்தான் என்பதை வைத்து, எவன் எப்போது விடுவான் என்று கணிக்க முடியவில்லை. நிலையான வேலை, நல்ல மனைவி, ராணுவப் பணி போன்றவை திருப்புமுனைகளாக அமைந்திருந்தன. கால்கட்டு போட்டால் சரியாகிவிடுவான் என்று நம் பாட்டிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பாவப்பட்ட ஒரு பெண்ணின் தலையில் அந்தப் பொறுப்பை ஏற்றிவிடுவது மட்டும் நியாயமில்லை. திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தண்டனையைக் கூட்டச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. ஆனால் வெளியே வருகிற ஒவ்வொருவரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது தவறு.

உள்ளே மூன்று வேளைச் சாப்பாடு, தொழில் பயிற்சி, சம்பளம் எல்லாம் உண்டாமே. இன்னும் என்ன?

உண்டு. தமிழகச் சிறைகளில் நெசவு, தையல், ரொட்டி, சோப்பு, தோல் செருப்பு எனப் பல வேலைகள் நடக்கின்றன. சிறை அங்காடியில் வாங்கியிருப்பீர்கள். புழலில் இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் கைதிகள்தான் வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறார்கள். 2023இல் பெண் கைதிகளே நடத்தும் பங்க்கும் அங்கே வந்தது. சென்னைப் புத்தகக் காட்சியில் "கூண்டுக்குள் வானம்" என்ற அரங்கு வைத்துச் சிறை நூலகங்களுக்குப் புத்தகம் கேட்டபோது மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள், மனமார வாழ்த்துகிறேன்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. தொழிற்கூடத்து வேலை தண்டனைக் கைதிகளுக்குத்தான். நான்கில் மூன்று பேராக இருக்கும் விசாரணைக் கைதிகள் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது வயதுப் பையன் சும்மா உட்கார்ந்து யாருடைய கதையைக் கேட்பான் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்தது கூலி. திறன்மிக்க வேலைக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய், ஓரளவு திறன் வேண்டிய வேலைக்கு 275, மற்ற வேலைக்கு 250 என்று சில ஆண்டுகளுக்கு முன் உயர்த்தினார்கள். ஆனால் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகள் அந்தக் கூலியை மூன்றாகப் பிரித்தன. பாதி, கைதியின் பராமரிப்புச் செலவுக்கு. 20 விழுக்காடு, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு. மீதி 30 விழுக்காடுதான் கைதிக்கு. அந்தக் கணக்கில் 300 ரூபாய் உழைப்புக்கு 90 ரூபாய் மிஞ்சும். அதிலும் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்புவார்கள். வாடகை முன்பணம் கொடுக்கும் அளவுக்குச் சேமிப்போடு யாரும் வெளியே வருவதில்லை.

திறந்தவெளிச் சிறைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதில் இல்லாத பண்ணை. நல்ல நடத்தை உள்ள தண்டனைக் கைதிகள் பயிர் வைக்கிறார்கள், ஆடு மாடு வளர்க்கிறார்கள். கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பிலும் இப்படி நடக்கிறது. எம்.ஜி.ஆர். நடித்த "பல்லாண்டு வாழ்க" பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1975இல் வந்த அந்தப் படம், வி. சாந்தாராம் 1957இல் எடுத்த இந்திப் படத்தின் தமிழாக்கம். இந்திப் படத்துக்கு மூலம், அவுந்து சமஸ்தானத்தில் 1939இல் உண்மையிலேயே தொடங்கப்பட்ட சுதந்திரபூர் என்ற திறந்தவெளிக் குடியிருப்பு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாரிஸ் ஃபிரைட்மன் போலந்திலிருந்து வந்த பொறியாளர், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கியவர். கொலைக் குற்றவாளிகளை நம்பி மண்வெட்டியைக் கையில் கொடுக்கலாம் என்பது அன்றே செய்து பார்க்கப்பட்டுவிட்டது. இன்று ஒரு மனிதர் பண்ணையில் ஓர் ஆண்டு பொறுப்பாக இருந்திருந்தால், வெளியே வந்தபின் அவரைப் பற்றி நம்மால் சொல்லக்கூடிய உறுதியான சாட்சி அதுதான்.

வெளியே வந்தால் வீட்டுக்குப் போய் வேலையைப் பார்க்க வேண்டியதுதானே. அப்படி என்ன கஷ்டம்?

விஷயத்தின் மையமே இந்தக் கேள்விதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வீடு அதே இடத்தில் இருக்காது. வாடகை பாக்கி, அக்கம்பக்கத்தார் பேச்சு, போலீஸ் வந்து போன அவமானம் எல்லாம் சேர்ந்து மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போயிருப்பார். ஆதார் அட்டை எங்கோ தொலைந்திருக்கும். அட்டை இருந்தாலும், பதிவு செய்த செல்போன் எண் இப்போது வேறு யாருக்கோ போயிருக்கும். அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வராமல் வங்கிக் கணக்கு திறக்காது. புதிய சிம் வாங்க ஆதார் வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படித்தவர்களுக்கே அலைச்சலான வேலை. பத்து நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்க அவரால் முடியாது.

அடுத்தது கண்டிஷன் கையெழுத்து. தினமும் காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்திருக்கும். பத்தரை என்று எழுதுபவருக்கு அது ஒரு நேரம், அவ்வளவுதான். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியில் ஏழரை மணிக்குள் எல்லாரும் வண்டியேறிப் போய்விடுவார்கள். பத்தரைக்குக் கையெழுத்துப் போடுகிறவருக்கு அன்றைய கூலி போய்விட்டது. சில நேரம் வெளியூரில் தங்கிக் கையெழுத்திடச் சொல்வார்கள். சாட்சிகளை மிரட்டாமல் இருக்க அது தேவைப்படலாம். அங்கே அவருக்குத் தங்குமிடம் ஏது? ஒரு மாதம் தொடர்ந்து கூலி போனால் அவர் யாரிடம் கடன் கேட்பார்? நிபந்தனையை மாற்றக் கோரி அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம், மாலை நேரமாகவோ வாரம் ஒருமுறையாகவோ மாற்றிக் கேட்கலாம். இது தெரியாமலே பலர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். உடனே ஜாமீன் ரத்தாகிறது. வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட். புதிய குற்றம் எதுவும் செய்யாமலே மறுபடி உள்ளே போகிறார். ஊர் பேசுகிறது, பார்த்தாயா, திரும்பவும் போய்விட்டான் என்று.

பெண்களின் நிலை இன்னும் மோசம். கணவன் உள்ளே இருந்தால் மனைவி எதையாவது விற்று மனுப் பார்க்கப் போவாள். மனைவி உள்ளே இருந்தால் அவளைப் பார்க்க வருவது பெரும்பாலும் அவளுடைய அம்மாதான். ஆறு வயது வரை பிள்ளையைத் தாயோடு சிறையில் வைத்திருக்கலாம். அதற்குப் பிறகு பிள்ளை உறவினர் வீட்டுக்கோ காப்பகத்துக்கோ போகிறது. வெளியே வந்த தாய், அந்தப் பிள்ளையைத் திரும்பப் பெறுவதற்கே முகவரியும் வருமானமும் காட்ட வேண்டியிருக்கிறது. தனியாக வந்து அறை கேட்கும் பெண்ணுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்?

இவ்வளவும் நடப்பது முதல் சில வாரங்களில். ஒருவர் நிலைப்பதும் சறுக்குவதும் பெரும்பாலும் அதற்குள் முடிவாகிவிடுகிறது. அந்த வாரங்களில் தேவைப்படுபவை பெரிய பொருள்கள் அல்ல: ஒரு சிம், ஆதார் நகல், பத்து நாள் தங்க இடம், நீதிமன்றத்தில் ஒரு மனு. இவற்றை விடுதலைக்கு முன்னாலேயே சிறைக்குள் தொடங்க முடியும். தண்டனைக் கைதியின் விடுதலைத் தேதி முன்கூட்டியே தெரிந்ததுதானே. இதைச் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நல்ல காரணமும் தெரியவில்லை.

வழக்கு இருந்தவருக்கு அரசு வேலை, பாஸ்போர்ட், ஓட்டு எதுவும் கிடையாதா?

வாழ்நாள் முழுக்க எதுவும் கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை.

சிறைக்குள் இருக்கும்போது ஓட்டுப் போட முடியாது. வெளியே வந்தால் போடலாம். பாஸ்போர்ட் சட்டப்படி, நெறிகெட்ட செயல் எனக் கருதப்படும் குற்றத்துக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால், அந்தத் தீர்ப்பிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் மறுக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி பெற்று விண்ணப்பிக்கலாம். அரசு வேலை விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டால் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால் அதுவே வேலையைப் பறிக்கும். அதே நேரம், அற்பமான வழக்குகளை வைத்து இயந்திரம்போல் நிராகரிக்க வேண்டியதில்லை, அதிகாரி சூழ்நிலையை எடைபோட்டு முடிவெடுக்கலாம் என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. 18 வயதுக்குள் நடந்தவற்றுக்குச் சிறார் நீதிச் சட்டம் இன்னும் பெரிய கதவைத் திறக்கிறது. மிகக் கொடிய குற்றத்தில் வயது வந்தவராகக் கருதி விசாரிக்கப்பட்டவர் தவிர, மற்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதிக்குறைவும் வராது.

பலருக்கும் தெரியாத ஒன்று, 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். சென்னை மாகாணம் 1936இலேயே இதற்கென்று தனிச் சட்டம் இயற்றியிருந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தண்டனைக்குப் பதிலாகக் கண்டித்தோ நன்னடத்தைப் பிணை வாங்கியோ ஒருவரை விடுவிக்கலாம். அப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பு தகுதிக்குறைவு ஆகாது என்கிறது 12ஆம் பிரிவு. 21 வயது நிறையாதவரை, ஆயுள் தண்டனைக்குரியது அல்லாத குற்றத்துக்குச் சிறைக்கு அனுப்புவதானால் நீதிபதி காரணம் எழுத வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. வழக்கறிஞர் கேட்டால் கிடைக்கக்கூடியது. கேட்பவர்கள் குறைவு.

சிறைக்குப் போனவர்களுக்கு இந்த வசதி இல்லை. சிங்கப்பூரில், சிறு தண்டனை பெற்றவர் ஐந்து ஆண்டுகள் குற்றமில்லாமல் வாழ்ந்தால் பழைய பதிவு கழிந்துபோனதாகக் கருத சட்டமே வழி செய்கிறது. "குற்றப் பதிவு உண்டா" என்ற கேள்விக்கு இல்லை என்று அவர் பதில் எழுதலாம். நம் நாட்டில் வயது வந்தோருக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. தண்டனைக்கு முடிவுத் தேதி உண்டு, பதிவுக்கு இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வேலை திரும்பக் கிடைப்பது ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரே சாட்சி. வ.உ.சிதம்பரம் பிள்ளை செய்தது நாட்டுக்கான போராட்டம், குற்றமல்ல. ஆனாலும் 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் பட்டது எந்த முன்னாள் கைதியும் படும் பாடுதான். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கப்பல் விட்டவர் சென்னையில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்த்து வாழ்ந்தார். பல ஆண்டுகள் கழித்து, அவரை முன்பே அறிந்திருந்த வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டிக்கு வந்து மறுபடி வக்கீல் தொழில் பார்த்தார். அந்த நன்றியில் தன் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.

போலீஸ் கண்காணித்தால்தானே ஊருக்குப் பாதுகாப்பு?

கண்காணிப்பு தேவைப்படும் ஆட்கள் இருக்கிறார்கள், காவல் துறைக்கு அந்தப் பொறுப்பும் இருக்கிறது. கேள்வி, அது எப்படி நடக்கிறது என்பதில்தான். "சரித்திரப் பதிவேடு குற்றவாளி" என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது காவல் நிலையத்தின் உள்பதிவு, ஊருக்குக் காட்டும் விளம்பரம் அல்ல என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பதிவேட்டில் வீட்டுப் பிள்ளைகளின் விவரங்கள் வரக் கூடாது, பின்தங்கிய சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகவே ஒருவரைச் சேர்க்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.

நடைமுறையில் பெரிய சேதம் வேறு. வட்டாரத்தில் ஒரு நகைப் பறிப்பு நடந்தால், முன்பு அந்த வழக்கில் இருந்தவரைத் தேடி அவர் வேலை செய்யும் பட்டறைக்கே ஜீப் வருகிறது. விசாரித்துவிட்டு அன்றிரவே அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலை முதலாளி, "நீ நல்லவன்தான்ப்பா, ஆனா எனக்கு இது சரிப்படாது" என்பார். பலபேர் நடுவில் போகாமல், போன் செய்து மாலையில் வரச் சொல்லியிருந்தால் விசாரணையும் நடந்திருக்கும், வேலையும் மிஞ்சியிருக்கும். இப்படி நடந்துகொள்ளும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய நல்ல மனசாக இல்லாமல் நிலையத்தின் விதியாக வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

நியாயமான குற்றச்சாட்டு. தமிழகத்தில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். கைதியின் கூலியிலிருந்து பிடிக்கும் பங்கை மேலே சொன்னேன். இவை போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வருதல் என்றால் அதே தெருவுக்குத் திரும்புதல் என்று பொருள் இல்லை. மனைவியை அடித்து உள்ளே போனவரையும் குழந்தையிடம் தவறாக நடந்தவரையும் அதே வீட்டுக்கோ அதே வளவுக்கோ கொண்டுவந்து விடுவது, பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை தண்டிப்பதாகும். அவர்களுக்கு வேறு ஊரில் வேலையும் இருப்பிடமும் தேடுவதே சரி. மன்னித்துவிடு என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்ல ஊர்ப் பெரியவர் உட்பட யாருக்கும் உரிமை இல்லை.

எங்கே போய் உதவி கேட்பது?

முதலில் நன்னடத்தை அலுவலர். ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறைத்துறையின் கீழ் இருக்கிறார். அவர் போலீஸ் அல்ல. விடுதலையானவருக்குச் சிறுதொழில் உதவி வாங்கிக் கொடுப்பது, வேலைக்குச் சொல்லிவிடுவது அவர் வேலை. அடுத்து, நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு. காவலில் இருக்கும் எவருக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வக்கீல் இலவசம். கட்டணமில்லா எண் 15100. இதை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தால்கூடத் தகும்.

என் பட்டறைக்கு ஒருவரை அனுப்புகிறேன் என்கிறார் நன்னடத்தை அலுவலர். பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பயப்படுவதில் தப்பில்லை. என்ன வழக்கு, முடிந்துவிட்டதா, நிலுவையிலா என்று அலுவலரிடமும் அந்த ஆளிடமும் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதே அவருக்கு நிம்மதி, என்றாவது தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு வேலை செய்ய வேண்டியதில்லை. தெரிந்துகொண்டதை மற்ற தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டாம், அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. கல்லாப் பொறுப்பை முதல் நாளே கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. புதிதாக வரும் எந்த ஆளுக்கும் கொடுக்க மாட்டீர்கள், அவருக்கும் அதே அளவு போதும். பட்டறையில் ஏதாவது காணாமல் போனால் எல்லாரையும் கேட்பதுபோல் அவரைக் கேளுங்கள், அவரை மட்டும் கேட்காதீர்கள்.

முதல் மாதம் சம்பளத்தை வாரக் கூலியாகக் கொடுங்கள். மாதக் கடைசி வரை தாங்க அவர் கையில் எதுவும் இருக்காது. வாய்தா தேதியை முன்கூட்டியே கேட்டு உங்கள் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், அன்று மதியம் வரை வர மாட்டார்.